வாழவந்திக்கு ரெண்டு டிக்கெட்!

சேலத்திலிருந்து ஏற்காடு போக நினைப்பவர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. 'ஏற்காடு எக்ஸ்பிரஸ்' என்று ஒரு ரயில் இருக்கிறது. அது ஏற்காட்டுக்குப் போகாது! ஈரோட்டில் புறப்பட்டு, சேலம் வழியாக நேரே சென்னைக்கு வந்துவிடும். பெயரை நம்பி ஏறிப் படுத்தீர்களானால், விடியற்காலை சென்ட்ரலில் போர்ட்டர்தான் தட்டி எழுப்புவார்.

அந்த ரயிலில்தான் நானும் என் நண்பனும் டிக்கெட் எடுத்திருந்தோம். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அது சேலத்துக்கு வரும். ஆனால் அப்போது மணி காலை ஒன்பது!

பழைய ஆபீஸ் சகா ஒருவனுக்குச் சேலத்தில் கல்யாணம். தை மாத முகூர்த்தம். ஏழு மணிக்கே தாலி கட்டியாகிவிட்டது. எட்டரைக்குள் பொங்கல், வடை, கேசரி எல்லாம் உள்ளே போய்விட்டன. ஒன்பது மணிக்குப் பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் தாம்பூலப் பை சகிதம் மண்டப வாசலில் நிற்கிறோம். பேண்ட், சட்டை, ஸ்வெட்டர் எல்லாம் ரூமில். ரூம் சாவி மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம். சித்தப்பா குலதெய்வம் கோயிலில். சாயங்காலம்தான் திரும்புவாராம்!

"என்னடா ப்ளான்?" என்று நண்பனைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லடா. எங்கேயாவது போகலாம்."

நான் அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தேன். காரணம் இருக்கிறது. அவனுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'டைம்டேபிள்'. ஒரு தடவை ஆபீஸிலிருந்து திருப்பதி போனோம். அவன் தயாரித்த அட்டவணையில் 'மொட்டை: 6.10 முதல் 6.25 வரை' என்று ஒரு வரி இருந்தது. 6.25 தாண்டி நாவிதர் காது ஓரத்தில் கத்தியை வைத்துக்கொண்டிருக்க, இவன் வாட்ச்சைக் காட்டி அவரை அவசரப்படுத்தியது தனிக்கதை. அப்படிப்பட்டவன் வாயிலிருந்து 'எங்கேயாவது போகலாம்' என்று வந்தால் எப்படி இருக்கும்? பொங்கலில் ஏதாவது கலந்துவிட்டார்களோ என்று சந்தேகமே வந்தது.

"லீவு கிடைச்சுதா?" என்றேன். அவன் இப்போது வேறு கம்பெனி.

"கிடைச்சுது. நிறையவே" என்றான்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

* * *

பஸ் ஸ்டாண்டில் முதலில் கண்ணில் பட்டது ஏற்காடு பஸ். ஏறி ஜன்னலோரம் பிடித்தோம். பட்டு வேட்டியைப் பார்த்த கண்டக்டர், "மாப்பிள்ளை யாருங்க?" என்று சிரித்தார். "ரெண்டு பேரும் இல்லீங்க" என்று டிக்கெட் வாங்கினோம்.

ஏற்காடு ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் ஒரு பழைய கல் வளைவு தெரியும். மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில். டி.ஆர். சுந்தரம் 1935-ல் ஆரம்பித்த ஸ்டூடியோ. தமிழின் முதல் முழு நீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் இங்கிருந்துதான் வந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் இவர்கள் எடுத்ததுதான். நூறு படங்களுக்கு மேல் எடுத்த கம்பெனி. இப்போது ஸ்டூடியோ கிடையாது. வளைவு மட்டும் தனியாக நிற்கிறது, குகை இல்லாத 'திறந்திடு சீசேம்' மாதிரி.

இந்தத் தகவல்களையெல்லாம் நான் அவிழ்த்துவிட்டதும், நண்பன் கழுத்தைத் திருப்பி அந்த வளைவு மறைகிற வரை பார்த்தான்.

"இதுக்குள்ள எத்தனை பேர் வேலை பார்த்திருப்பாங்க? லைட்பாய், தச்சர், தையல்காரர், சமையல்காரர்... மூடினதும் அவங்க எல்லாம் எங்கே போனாங்கன்னு யாராவது எழுதியிருக்காங்களா?"

எம்.ஜி.ஆர். பற்றிக் கேட்பான், பானுமதி பற்றிக் கேட்பான் என்று நினைத்தால், தச்சரைப் பற்றிக் கேட்கிறான்! பதில் தெரியாததால், "ஜன்னலைச் சாத்துடா, காத்து அடிக்குது" என்று பேச்சை மாற்றினேன்.

அடிவாரம் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள், வயிறு புரட்டுகிறவர்கள் எண்ணிக்கொண்டு போக வசதியாக! கீழே மூங்கில். அப்புறம் வேறு வேறு மரங்கள். மேலே போகப் போக, ஓங்கி வளர்ந்த சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் நிழலில் பச்சைப் பசேலென்று காபிச் செடிகளும். சேலம் ஆயிரம் அடிக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஐயாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மணி நேர பஸ் பயணத்தில் நாலாயிரம் அடி ஏறுகிறோம். பதினைந்தாவது வளைவில் வேட்டிக்குள் குளிர் புகுந்தது. அங்கவஸ்திரத்தை மப்ளராக மாற்றிக்கொண்டோம். பட்டு, குளிருக்கு நல்ல துணிதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

* * *

ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்பார்கள். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு. ஏரியில் படகு, கரையில் மிளகாய் பஜ்ஜி. இறங்கிய இரண்டாவது நிமிஷம் ஒரு டாக்ஸி டிரைவர் வந்துவிட்டார்.

"சார், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், ஆர்க்கிட் தோட்டம், கரடி குகை, கிளியூர் அருவி. மூணு மணி நேரத்துல எல்லாம் முடிச்சிரலாம்!"

மூன்று மணி நேரத்தில் ஆறு இடங்கள்! நண்பனுக்காகவே தயாரித்த திட்டம் மாதிரி இருந்தது. அவன் பேனாவை எடுப்பான் என்று காத்திருந்தேன்.

"வேண்டாங்க. ஒண்ணும் முடிக்க வேண்டாம்" என்றான்.

டிரைவருக்கு என்னைவிட அதிர்ச்சி.

சரி என்று ஏரிக்கரையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றோம். ஒரு பெஞ்சில் ஒரு மணி நேரம். அவன் ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை. அதைவிட விசித்திரம், இடது மணிக்கட்டில் வாட்ச்சே இல்லை. வாட்ச் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டை மட்டும் இருந்தது.

"வாட்ச் எங்கேடா?"

"வீட்ல. எதுக்கு அது?"

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்தோம். உள்ளூர்க் கிராமங்களுக்குப் போகிற ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்ணாடியில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களில் ஒன்றை அவன் வாய்விட்டுப் படித்தான்.

"வாழவந்தி."

இன்னொரு தடவை மெதுவாகப் படித்தான். "வாழ... வந்தி. என்ன பேர்டா இது! அங்கே என்ன இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? எந்த லிஸ்ட்லயும் இல்லாத ஊர்."

"அப்ப அங்கேயே போகலாம்."

வாழவந்திக்கு ரெண்டு டிக்கெட் வாங்கினோம்.

* * *

அந்தச் சாலையைப் பற்றி என்ன எழுதுவது? 'காணத்தக்க இடங்கள்' என்று போர்டு வைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் நன்றாக இருந்தது. இரண்டு பக்கமும் எஸ்டேட். மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி. ஒரு வளைவில் பள்ளத்தாக்கு திறந்து, மறு வளைவில் மூடிக்கொள்ளும். பஸ்ஸில் கோழி ஒன்று எங்களுக்கு முன் சீட்டில் கூடைக்குள் கௌரவமாக வந்தது. அதன் சொந்தக்காரர் எங்கள் வேட்டியைத் தொட்டுப் பார்த்து, "என்ன வெலை?" என்று விசாரித்தார்.

வாழவந்தியில் இறங்கியபோது எங்களைத் தவிர அவசரமில்லாத இரண்டு நாய்கள் இருந்தன. ஒரு டீக்கடை இருந்தது. செல்போனில் ஒரு கோடுகூட இல்லை.

"இங்கே மலையாளிங்கதான் அதிகம்" என்று பஸ்ஸில் கேட்டதை நான் சொல்லித் தொலைத்தேன். நண்பன் உற்சாகமாகக் கடைக்குள் நுழைந்து, "சேட்டா! ரெண்டு காப்பி!" என்றான்.

கடைக்காரர் அடுப்பிலிருந்து நிமிர்ந்தார். இது அவருக்கு முதல் தடவை அல்ல என்று முகத்திலேயே தெரிந்தது.

"தம்பி, நாங்க மலையாளிதான். ஆனா கேரளா இல்லீங்க. மலையில இருக்கறதால மலையாளி. பேசறது தமிழுதான்."

சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள் இவர்கள். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்து, ஆளுக்கொரு மலையாகப் பிரிந்துபோனார்கள் என்று ஒரு கதை தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. நண்பன் காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். கடைக்காரர் சிரித்தார்.

"அது போவட்டும். காப்பி இல்லீங்க. டீதான் இருக்கு."

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் காபிச் செடி. கடையில் டீ! நெய்வேலியில் கரண்ட் கட் ஆன மாதிரி இருந்தது. ஆனால் டீ பிரமாதம்.

* * *

கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தோம். ஒரு வீட்டுக்கு முன்னால், மெழுகிய களத்தில் காபிப் பழங்கள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்துப் பாயில் மிளகு. அதன் ஓரத்தில் ஓர் ஆயா, கையில் குச்சியுடன். சேலம் பக்கம் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோழி வந்தால் குச்சியை ஆட்டுவார். கோழி இல்லாத நேரத்தில் எங்களைப் பார்த்து ஆட்டினார்.

"யாரு சாமி? கண்ணாலத்துக்கு வந்தீங்களா? இங்க ஒண்ணும் கண்ணாலம் இல்லையே!"

கதையைச் சொன்னோம். உட்காரச் சொன்னார். திண்ணையில் உட்கார்ந்தோம்.

"இது எப்ப ஆயா காய்க்கும்?" என்று காபிச் செடியைக் காட்டிக் கேட்டேன். பட்டணத்துக்காரன் கேட்கிற கேள்வி.

ஆயா பொறுமையாகச் சொன்னார். பங்குனி, சித்திரை மழைக்குப் பூக்கும். மல்லிகை மாதிரி வெள்ளை. ஊரே மணக்கும், ஆனால் ரெண்டு மூணு நாள்தான். பூத்து எட்டு ஒன்பது மாதம் கழித்துப் பழம். எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவக்காது. அதனால் ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். ஆறு கிலோ பழம் பறித்தால், சுமாராக ஒரு கிலோ கொட்டை நிற்கும். காலையில் பேப்பரைப் பிரித்தபடி ஒரே மடக்கில் குடித்து, 'டிகாக்ஷன் தண்ணி' என்று மனைவியிடம் குறை சொல்கிறோமே, அதற்குப் பின்னால் இத்தனை நடை இருக்கிறது.

"ஊருக்கு ஏன் ஆயா வாழவந்தின்னு பேரு?"

"வாழ வந்த ஊரு, வாழவந்தி. வேறென்ன?" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "நானே வாழ வந்தவதானே. அந்த மலைக்கு அந்தாண்ட என் பொறந்த ஊரு. கண்ணாலம் கட்டி நடந்தே வந்தேன்."

ஆயா சொன்ன பிறகு நான் சுற்றிப் பார்த்தேன். யோசித்தால், இந்த மலையில் பாதிப் பேர் வாழ வந்தவர்கள்தான். காபி, அரபு நாட்டிலிருந்து வந்தது. பாபாபுதன் என்கிற சூஃபி ஞானி ஏமன் நாட்டிலிருந்து கொட்டைகளைக் கொண்டுவந்து கர்நாடகத்து மலையில் விதைத்தார் என்பது பழைய நம்பிக்கை. இந்த மலைக்கு அதைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். அவரே ஸ்காட்லாந்துக்காரர். பேரி, ஆப்பிள் மரங்களையும் இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்த்தார் அந்த மனுஷன். காபிக்கு நிழல் தருகிற சில்வர் ஓக், ஆஸ்திரேலியா. வேலியில் படர்ந்திருந்த சௌசௌ, மெக்ஸிகோ பக்கத்துச் சரக்கு. ஆயாவின் முன்னோர்கள் காஞ்சிபுரம். சொந்த ஊர்க்காரர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடியது காட்டுமாடு மட்டும்தான் போலிருக்கிறது!

இதையெல்லாம் நண்பனிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அதற்குள் ஆயா நம் எல்லாக் கிழவிகளும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"என்ன வேல சாமி பாக்கறீங்க?"

நான் என் கம்பெனியைச் சொன்னேன். ஆயாவுக்குப் புரியவில்லை. "கம்ப்யூட்டர்" என்றேன். புரிந்தது. குச்சி நண்பன் பக்கம் திரும்பியது.

"நீ, சாமி?"

"இப்ப ஒண்ணும் பாக்கலை ஆயா. போயிருச்சு" என்றான் அவன்.

நான் ஏதோ ஜோக் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

* * *

பதினாறு நாள் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஒரு கவரைக் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்களாம். "தண்ணி கொடுத்தப்பவே எனக்குச் சந்தேகம்டா. பத்து வருஷத்துல ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை" என்றான்.

வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலை 8.10-க்கு டிபன் பாக்ஸோடு கிளம்புவானாம். காலையில் கன்னிமாரா நூலகம். ஒரு மணிக்கு ஏதாவது ஒரு பார்க்கில் சாப்பாடு. அப்புறம் மறுபடி நூலகம், வேலைக்கு மனு போடுவது. சாயங்காலம் மெரினாவில் கொஞ்சம் நடை. சரியாக 7.20-க்கு வீடு. வேலையில்லாமல் இருப்பதற்கும் டைம்டேபிள் போட்டவன் உலகத்திலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்!

சிரிப்பு வந்தது. தொண்டையும் அடைத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"என்கிட்ட ஏண்டா சொல்லலை?"

"சொன்னா நீ பாவம்னு பார்ப்பே. இப்ப பாக்கறே பாரு, அந்த மாதிரி."

நான் அவசரமாக மிளகுப் பாயைப் பார்த்தேன்.

பதினாறு நாளாக மனைவியிடம், அப்பாவிடம், என்னிடம் சொல்ல முடியாததை, பெயர்கூடத் தெரியாத ஓர் ஆயாவிடம் சொல்லிவிட்டான். நமக்கெல்லாம் அப்படித்தானே? தெரிந்தவர்களிடம் சொல்லத்தான் கஷ்டம்.

ஆயா 'அடப் பாவமே' என்று சொல்லவில்லை. கோழியை விரட்டினார்.

"காப்பி நாத்து வெச்சா மூணு வருசம் சும்மாத்தான் நிக்கும். நாலாம் வருசந்தான் காய்க்க ஆரம்பிக்கும். சும்மா நிக்குதேன்னு யாரும் புடுங்கிப் போடறதில்ல" என்றார். பிறகு சட்டென்று, "வூட்டுல சொன்னியா?" என்றார்.

"இல்லை ஆயா."

"அது தப்பு. உன்னை நம்பி வாழ வந்தவ இல்ல அவ? அவளுக்குத் தெரியாம நீ என்ன கஷ்டப்படறது?"

நண்பன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மூன்று பேரும் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிளம்பும்போது தாம்பூலப் பைகள் ஞாபகம் வந்தன. இரண்டு தேங்காய், வெற்றிலை, பாக்கு, சாத்துக்குடி எல்லாவற்றையும் ஆயாவிடம் கொடுத்தோம். ஆயா வெற்றிலையை உடனே கவனித்தார். பைகளைத் திருப்பித் தந்தபோது ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி மிளகு இருந்தது.

"ஆறு மணிக்கு மேல ரோட்டுல நடக்காதீங்க. மாடு வரும்" என்றார்.

* * *

பேச்சு சுவாரஸ்யத்தில் பஸ்ஸை விட்டுவிட்டோம். கடைக்காரர்தான் காபி மூட்டை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போகிற ஒரு பிக்கப் வண்டியை நிறுத்தி, எங்களை மூட்டைகளோடு மூட்டையாக ஏற்றிவிட்டார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சாக்கு மூட்டை மேல் சவாரி. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உயரமான இடம் கிடைக்கவில்லை!

பாதி வழியில் வண்டி சட்டென்று நின்றது. டிரைவர் ஒரு விரலை உதட்டில் வைத்தார். சாலை நடுவில் மூன்று காட்டுமாடுகள். முழங்கால் வரை வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள். வளர்ந்த ஆண் ஒன்று ஒரு டன் எடைவரை இருக்கும். ஹாரன் அடிக்கக் கூடாது, இறங்கக் கூடாது, வெளிச்சம் அடித்து மிரட்டக் கூடாது. அவை போகிறபோதுதான் நாம் போக வேண்டும்.

அவற்றில் பெரியது எங்களை ஒரு நிமிஷம் பார்த்தது. எங்களிடம் அதற்கு எந்த வேலையும் இல்லை என்று தெரிந்ததும், நிதானமாகச் சரிவில் இறங்கியது. மற்ற இரண்டும் பின்னாலேயே. எத்தனை நிமிஷம் என்று தெரியாது. இரண்டு பேரிடமும் மணி பார்க்கும் நினைப்பு இல்லை.

ஏற்காடு வந்ததும் சிக்னல் வந்தது. நண்பன் செல்லை எடுத்தான். பார்த்தான். பையில் போட்டான். சேலம் பஸ்ஸில் ஏறினோம். இருபதாவது வளைவு, பத்தொன்பது, பதினெட்டு... இறங்குகிறபோது நம்பர் குறைந்துகொண்டே வரும். ஜன்னலுக்கு வெளியே சேலம் முழுசும் விளக்காக மினுங்கியது. கீழே இருந்தால் அது வெறும் டிராஃபிக். மேலேயிருந்து பார்த்தால்தான் கார்த்திகை தீபம்.

பதினொன்றாவது வளைவில் செல்லை மறுபடி எடுத்தான். நான் தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். அவன் பேசியது மட்டும்தான் காதில் விழுந்தது.

"நான்தான்... சாப்பிட்டேன்... இல்ல, ஒரு விஷயம்... அழுதுடாதே, சொல்றேன்..."

சொன்னான். பத்தாவது வளைவு. ஒன்பதாவது வளைவு. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேசினார்கள். இவன் பக்கம் மௌனம். எட்டாவது வளைவில்,

"இல்லம்மா... பார்க்லதான்... ஆமா, தினமும்... ஆறிப் போகலைம்மா, சூடாத்தான் இருந்துது..."

ஏழாவது வளைவில் அவன் அழுதுகொண்டிருந்தான். நான் கண்ணைத் திறக்கவில்லை. வேலை போனதைக் கேட்டுவிட்டு, பதினாறு நாள் பார்க் பெஞ்சில் ஆறின சோற்றையா தின்றாய் என்று கேட்கிற மனைவி வாய்த்தவனுக்கு என்ன ஆறுதல் சொல்வது? அவன்தான் நமக்குச் சொல்ல வேண்டும்.

அடிவாரத்தில் செல்லை வைத்தான். "என்ன சொன்னாங்க?" என்றேன்.

"திங்கக்கிழமையிலேருந்து வீட்லயே சூடா சாப்பிடணுமாம். மிளகு பத்திரமாம்."

* * *

சித்தப்பா சாவியோடு வந்திருந்தார். உடை மாற்றிக்கொண்டு, ரோட்டோரத்தில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். தட்டுவடை மேல் கேரட், பீட்ரூட் துருவல் வைத்து, சட்னி தடவி, இன்னொரு தட்டுவடையால் மூடித் தருவார்கள். சேலத்துக்குப் போய் இதைத் தின்னாமல் வருவது பாவம். நண்பன் மூன்று செட் சாப்பிட்டான். பிறகு ஏற்காட்டுக்குப் போகாத அந்த ஏற்காடு எக்ஸ்பிரஸ் வந்தது. ஏறிப் படுத்தவன், காட்பாடி, அரக்கோணம் எதற்கும் எழுந்திருக்கவில்லை. சென்ட்ரலில் நான்தான் உலுக்கினேன்.

'வேலை கிடைத்ததா?' என்றுதானே கேட்கிறீர்கள்? நாலு மாதம் கழித்துக் கிடைத்தது. சம்பளம் கொஞ்சம் குறைவு. தூரம் கொஞ்சம் அதிகம். வாட்ச் திரும்ப மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.

போன வாரம் என் வீட்டுக்கு வந்து ஒரு பேப்பரை நீட்டினான். இந்தத் தடவை இரண்டு குடும்பமும் சேர்ந்து போக அவன் போட்ட டைம்டேபிள். 'சேலம்: 6.00. டிபன்: 6.30 முதல் 6.55 வரை. ஏற்காடு பஸ்: 7.15. ஏரிக்கரை, மிளகாய் பஜ்ஜி: 10.40' என்று வரிசையாக வந்து, கடைசி வரியில் ஒரே ஒரு ஊர்ப் பெயர் இருந்தது. வாழவந்தி. அதற்கு நேராக மணி போடவில்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'ஆயாவுக்கு வெற்றிலை' என்று மட்டும் எழுதியிருந்தான்.